கெர்லியின் நான்கு சுரங்கள்

கடாகரன்னா,
8 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்கா,

நலம்தானே? தீவுக் காற்று எனக்கு ஒத்துக்கொண்டது. பசிதான் அதிகமாகிவிட்டது.

போன வாரம் நான்கு முறை ஃபோன் செய்தேன். மூன்று முறை யாரும் எடுக்கவில்லை. நான்காவது முறை எதிர்வீட்டு வைக்கே எடுத்து, "உங்க அக்கா இனிமே லெட்டரே எழுதச் சொல்றா. ஃபோன்ல பேசுறது காத்தோட போயிடுதாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாற்பத்தொரு வயதில் உனக்கு இப்படியும் ஓர் ஆசையா? சரி, எழுதுகிறேன்.

பள்ளியில் அறுபத்தொரு பிள்ளைகள். ஏழு வருடமாகப் பாட்டுக்குழு கிடையாது. ஹாலில் இருந்த பியானோவின் மேல் உலகப் படங்களைச் சுருட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் நாளே தலைமையாசிரியர் ரோபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு டீச்சர் வந்தாச்சு. பாட்டுக்குழு இல்லாத ஸ்கூல்னு இனி எவனும் நம்மள நக்கல் பண்ணக் கூடாது. ஜூன்ல தலைநகர் தாலின்ல நடக்குற இளையோர் பாட்டு விழா மேடைல நம்ம பிள்ளைங்க நிக்கணும்மா" என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்!

இருபத்துநான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மேல்குரலை நானே பாடிக் காட்டிவிடுவேன். கீழ்க்குரலைப் பாடிக் காட்டத்தான் ஆளில்லை. என் தொண்டை அவ்வளவு கீழே இறங்காது என்று உனக்குத் தெரியும். உன் பாட்டுக்குழுவில் நீ பாடுவதே கீழ்க்குரல்தானே, விழாப் பாடல்கள் மூன்றின் கீழ்க்குரலை நீ ஒரு கேசட்டில் பாடி அனுப்பு. உன் குரலைக் கேட்டுப் பழகினால் என் பிள்ளைகள் தப்பவே மாட்டார்கள்.

கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள். தார்த்துவில் குளிர் தொடங்கியிருக்குமே.

உன் தங்கை,
தூலி


தார்த்து,
27 செப்டம்பர்

அன்புத் தூலிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்பதில் மகிழ்ச்சி. நான் நலம். ஜலதோஷம் மாதிரி ஏதோ ஒன்று, விடமாட்டேன் என்கிறது. வேறொன்றுமில்லை. மருந்துக் கடைக்கு ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறேன்.

பாட்டுத் தேர்வு பற்றிச் சொல்கிறேன். விழாப் பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் ஓட்டாதே, பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். முதல் மாதம் எல்லோரும் ஒரே குரலில் பாடும் எளிய பாட்டு ஒன்று எடு. வேகமாகப் பாடினால் சிரிப்பு வருகிற மாதிரி இருக்க வேண்டும். அடுத்து, ஒரு பக்கம் தொடங்கி இன்னொரு பக்கம் துரத்திப் பிடிக்கிற பாட்டு. அதற்கப்புறம் இரண்டு குரல். உன் திறமையைக் காட்டுகிற பாட்டை எடுக்காதே. அவர்கள் தொண்டையில் உட்காருகிற பாட்டை எடு. நீ கல்லூரி முடித்து வந்த வருடம் எட்டுக் குரல் பாட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் என்ன பாடுபட்டாய் என்பது நினைவிருக்கட்டும்.

கேசட் விஷயம். என் டேப் ரிக்கார்டர் நாடாவைத் தின்கிறது. பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும். பார்க்கலாம்.

அன்புடன்,
சால்மே


கடாகரன்னா,
20 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

ஜலதோஷம் போயிற்றா? தேன் விட்டுச் சூடாகக் குடி.

நீ சொன்ன வரிசையில்தான் போகிறேன். துரத்தும் பாட்டில் பையன்கள் உண்மையிலேயே பெண்களைத் துரத்தத் தொடங்கிவிட்டார்கள். அது அடங்க ஒரு வாரம் ஆயிற்று. இப்போது விழாப் பாடல்களில் முதலாவது, கடலைப் பற்றியது. மேலே ஏறும் இடத்தில் திரீனு என்ற பெண் பாடுவதைக் கேட்டால் உனக்கு அழுகை வரும். அப்படி ஒரு சுத்தம்.

ஒரே தலைவலி கெர்லி. பதினொரு வயது, தீவுக்கு வரும் பயணிகள் படகில் கயிறு கட்டும் அர்வோவின் மகள். குளிர்காலக் காலையில் லாரி கிளம்புகிற மாதிரி ஒரு குரல். மற்றவர்கள் எங்கே போனாலும் அவள் கீழேயே நிற்கிறாள். சத்தமும் அதிகம். பக்கத்தில் நிற்கிற நான்கு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறாள். குழுவிலிருந்து எடுக்க மனம் வரவில்லை, ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறாள். அதனால் தனியாகக் கூப்பிட்டு, "கெர்லி, நீ முன் வரிசைலயே நில்லு. பாட வேண்டாம், வாயை மட்டும் அசைச்சா போதும். யாருக்கும் தெரியாது" என்றேன். அவளும் "சரி டீச்சர்" என்று தலையாட்டினாள். பிரச்சினை தீர்ந்தது. மறுநாளே குழு எவ்வளவு இனிமையாக ஒலித்தது தெரியுமா!

கேசட்டை மறந்துவிடாதே. உன் ரிக்கார்டர் சரியில்லையென்றால் வைக்கேயிடம் வாங்கிப் பதிவு செய்.

உன்,
தூலி


கடாகரன்னா,
1 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு என்ன? ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. வைக்கே வீட்டுக்குப் பேசினால், "நல்லாத்தான் இருக்கா, எழுதுவா" என்கிறாள். அவள் குரலில் ஏதோ தயக்கம். என்மேல் கோபமா? என்ன செய்தேன் என்று சொன்னால்தானே தெரியும்.

இங்கே கரையோரம் கடல் உறையத் தொடங்கிவிட்டது. கேசட்டுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, கீழ்க்குரலைப் பியானோவில் வாசித்தே சொல்லிக் கொடுக்கிறேன். அது வேறு, குரல் வேறு. பிள்ளைகள் சுரத்தைப் பிடிக்கிறார்கள், மூச்சைப் பிடிப்பதில்லை.

இன்னொரு விஷயம் கவனித்தேன். கெர்லிக்கு மூன்று பாட்டும் ஒரு சொல் விடாமல் மனப்பாடம். அவள் உதடுகள் மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்னாலேயே அசைகின்றன.

பதில் போடு. ஒரு வரி போதும்.

தூலி


தார்த்து,
19 டிசம்பர்

தூலிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வைக்கே உனக்காகப் பின்னிய கையுறையை இத்துடன் அனுப்புகிறேன்.

கேசட் வராது. அதை எதிர்பார்க்காதே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண் கெர்லி வீட்டில் பாடுகிறாளா?

சால்மே


கடாகரன்னா,
12 ஜனவரி 1997

அக்கா,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாகத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கையுறைக்கு வைக்கேயிடம் நன்றி சொல்.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நான்கு வரி. அதிலும் ஒரு வரி என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. நீ நிற்பது அறுபது தேர்ந்த குரல்கள் உள்ள குழுவில். உன் பக்கத்தில் யாரும் லாரி கிளப்புவதில்லை. இருபத்துநான்கு பிள்ளைகளை ஒரே வருடத்தில் மேடையேற்றிப் பார், அப்புறம் பேசு. நீ முன்பு இப்படி இல்லை.

ஆனாலும் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கோபத்தில் உன்னிடம் வராமல் தாலினில் ஒரு தோழி வீட்டில் விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பும்போது படகில் அர்வோவைப் பார்த்தேன். சாதாரணமாகக் கேட்பது போல, "கெர்லி வீட்ல பாடுவாளா?" என்றேன். அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"முன்னாடியெல்லாம் அவ வாய மூட வைக்கிறதுதான் கஷ்டம் டீச்சர். பாத்திரம் கழுவும்போது, நாய்க்குச் சோறு வைக்கும்போது, எப்பவும் பாட்டுதான். இப்ப பாடுறதே இல்ல. நீங்கதான் சொன்னீங்களாமே, விழா முடியுற வரைக்கும் குரலைப் பத்திரமா வெச்சுக்கணும்னு. முக்கியமான குரலாம். பாக்குறவன் கிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்."

நான் "ஆமா" என்று சொல்லிவிட்டு மேல்தளத்துக்குப் போய்விட்டேன். குளிரில் நின்றேன். அக்கா, அப்பாவிடம் சொல்வதற்கு அந்தப் பிள்ளை எவ்வளவு யோசித்திருப்பாள்!

என்ன செய்வதென்று தெரியவில்லை. விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏப்ரலில் வருகிறார்கள். நீ ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாய்?

தூலி


தார்த்து,
2 பிப்ரவரி

என் அன்புத் தூலி,

நீ நலமா என்று கேட்டுவிட்டு என் நலத்தையும் இந்த முறை உள்ளபடி எழுதுகிறேன்.

ஆகஸ்டில் எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. தைராய்டில் கட்டி. கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. ஆனால் குரல் நரம்போடு ஒட்டிக்கிடந்தது. டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். யார்மேலும் தப்பில்லை. கண் விழித்து வைக்கேயைக் கூப்பிட்டேன், காற்றுதான் வந்தது. இன்றும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் நான் பேசுவது புரியும். ஃபோனில் புரியாது.

உனக்கு ஏன் சொல்லவில்லை? புது ஊர், புது வேலை என்று நீ குதித்துக்கொண்டு எழுதியிருந்தாய். அதோடு, உன்னிடம் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் இல்லை.

அக்டோபரில் என் பாட்டுக்குழுவின் பயிற்சிக்குப் போனேன். குழுவை நடத்துபவர் நல்ல மனிதர். "நீங்க உங்க இடத்துல நில்லுங்க சால்மே. வாய அசைச்சா போதும். நீங்க நிக்கிறதே எங்களுக்குப் பலம்" என்றார். மூன்று வாரம் நின்றேன். இரண்டு பக்கமும் குரல்கள் கிளம்பும். நடுவில் நான் மட்டும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவேன். அன்புக்காகத்தான் அவர் சொன்னார். ஆனால் நான் அங்கே இல்லை என்பதை அந்த மூன்று வாரத்தில்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தேன், உன் கடிதம் கிடந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருந்தாய்.

உன்மேல் கோபம் இல்லை, தூலி. கோபமாக இருந்திருந்தால் உடனே எழுதியிருப்பேன்.

சால்மே


கடாகரன்னா,
16 பிப்ரவரி

என் அக்கா,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அழுததைப் பற்றி எழுத மாட்டேன். உன்னைப் பாடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், மன்னித்துவிடு. ஒன்று மட்டும். இனி உடம்பைப் பற்றி என்னிடம் எதையும் மறைக்காதே, அது எனக்குச் செய்கிற உதவி இல்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் கெர்லியை நிறுத்தினேன்.

"கெர்லி, நான் உங்கிட்ட ஒரு தப்பான விஷயம் சொல்லிட்டேன். வாய மட்டும் அசைக்கச் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ."

அவள் ஷூவையே பார்த்துக்கொண்டு, "பரவால்ல டீச்சர். என் குரல் நல்லால்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"நல்லாருக்கா இல்லையான்னு நாம பாக்கவே இல்லையே. வா, எங்க இருக்குன்னு தேடுவோம்."

பியானோவில் உட்கார்ந்தேன். மேலே எதுவும் பிடிபடவில்லை. கீழே இறங்கிக்கொண்டே போனேன். பியானோவின் நடுக் கட்டைக்கு வந்ததும், அக்கா, ஆணி அடித்த மாதிரி நின்றாள். அதிலிருந்து கீழே மூன்று. மொத்தம் நான்கு சுரங்கள். அவற்றில் ஒரு நூல்கூட அசையவில்லை. மற்றவர்கள் எங்கே போனாலும் அவள் கீழே நிற்கிறாள் என்று குறை சொன்னேன் அல்லவா? அவளுடைய இடமே அதுதான். நான் எடுத்த பாட்டுகளின் கீழ்க்குரல்கூட அந்த இடம்வரை இறங்குவதில்லை.

இப்போது உதவி கேட்கிறேன். விழாப் பாடல்களின் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த நான்கு சுரங்களுக்குள் ஒரு மூன்றாம் குரல் எழுதித் தா. நான் மேல்குரல்காரி, கீழே நிற்பவர்களுக்கு எங்கே மூச்சு வேண்டும், எங்கே சலிக்கும் என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அன்புடன், வெட்கத்துடன்,
தூலி


தார்த்து,
3 மார்ச்

அன்புத் தூலி,

நலம். மறைக்காதே என்றாய், ஆகவே கேள். வாரம் இரண்டு நாள் குரல் பயிற்சிக்குப் போகிறேன். ஒரு குவளைத் தண்ணீரில் குழாயை விட்டு 'ஊ' என்று குமிழி விட வேண்டும். போன முறை மேசையெல்லாம் தண்ணீர். வைக்கே, "மூணு வயசுல இதுக்குத்தான உங்கம்மா உன்ன அடிச்சாங்க" என்றாள். சிரித்தேன், சத்தம் வராத சிரிப்பு. மருந்துக் கடையில் இப்போது பின்னறையில் மருந்து கலக்கும் வேலை. பேச வேண்டியதில்லை.

மூன்று பாட்டுக்கும் எழுதிவிட்டேன். கடல் பாட்டில் திரீனு மேலே ஏறும் இடத்தில் கெர்லி ஒரே சுரத்தில் எட்டு எண்ணிக்கை நிற்க வேண்டும். கேட்க எளிது, நிற்பது கடினம். நடுவில் மூச்சு விடலாம் என்று குறி போட்டிருக்கிறேன், ஆனால் தோள் உயரக் கூடாது. அவளுடன் இன்னும் இரண்டு பேரைச் சேர். தனியாக விட்டால் அவளை வேடிக்கைப் பொருளாக்கிவிடுவார்கள்.

இதை எழுதும்போது பத்து நாள் நான் எதையும் நினைக்கவில்லை. அதற்கு நன்றி.

சால்மே


கடாகரன்னா,
27 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

குமிழி எப்படிப் போகிறது? இங்கே பனி உருகிவிட்டது. என் நெஞ்சில்தான் ஒரு பாரம்.

வட்டாரத் தேர்வாளர்கள் வந்தார்கள், ஓர் ஆண், ஒரு பெண். பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள். கடல் பாட்டில் கெர்லியும் இரண்டு பையன்களும் கீழே நின்றபோது ஹாலின் தரையே பாடுகிற மாதிரி இருந்தது. முடிந்ததும் அந்த அம்மா என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"ரொம்ப அழகா இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா விழாவுல ஆயிரக்கணக்கான பேர் ஒரே தாளைப் பாத்துப் பாடுறாங்க. தாள்ல இல்லாத வரிய நாங்க எப்படிச் சேக்க முடியும்? அந்த மூணு பேரும் நிக்கட்டும், பாட வேண்டாம். அப்படின்னா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அவர் சொல்வது நியாயம்தான். எனக்கும் புரிந்தது. ஆனால் என் வாயிலிருந்து, "அப்ப நாங்க வரல" என்றுதான் வந்தது.

ரோபா மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. நான்காம் நாள், "ஒரு பிள்ளைக்காக இத்தன பிள்ளைங்கள வீட்ல உக்கார வெச்சிட்டீங்க" என்றார். திரீனுவின் அம்மா கடையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெர்லிக்கு விஷயம் தெரிந்து ஒரு வாரம் பயிற்சிக்கே வரவில்லை. "நான் போகலன்னா மத்தவங்க போவாங்கல்ல" என்று அப்பாவிடம் கேட்டாளாம்.

கடைசியில் திரீனுதான் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "நீ இல்லாம அந்த மேல் இடம் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. ஒழுங்கா வந்து நில்லுடி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஆனால் திரீனுவும் தாலின் போக ஆசைப்பட்டவள்தான். இளையோர் விழா சில வருடங்களுக்கு ஒரு முறைதான் நடக்கும், அடுத்தது வரும்போது அவள் இந்தப் பள்ளியில் இருக்க மாட்டாள்.

நான் செய்தது சரியா, அக்கா?

ஜூன் எட்டாம் தேதி இங்கே ஊர் மன்றத்தில் பாடுகிறோம். வா.

தூலி


தார்த்து,
11 மே

அன்புத் தூலி,

சரியா என்று எனக்குத் தெரியாது. திரீனுவின் அம்மா இடத்தில் இருந்திருந்தால் நானும் முகத்தைத் திருப்பியிருப்பேன். திரீனுவிடம் நேரில் சொல், அவள் இழந்தது சின்ன விஷயம் இல்லை என்று. ரோபாவைப் பற்றிக் கவலைப்படாதே, மன்றம் நிரம்பினால் அவர் தானாகப் பேசுவார்.

வருவதாக வாக்குக் கொடுக்க முடியவில்லை. பாட்டு நடக்கிற இடத்தில் உட்காருவது இப்போது எனக்குச் சுலபமில்லை. பார்க்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

சால்மே


தார்த்து,
15 ஜூன்

என் அன்புத் தூலி,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புகைபோட்ட மீனை வைக்கேதான் பாதிக்கு மேல் தின்றாள். உன் கால் வீக்கம் குறைந்ததா? அத்தனை மணி நேரம் நின்றாய்.

மன்றத்தில் இடமில்லாமல் ஜன்னல் வழியாக ஆட்கள் எட்டிப் பார்த்ததும், ரோபா தன் கையால் நாற்காலி சுமந்ததும் நீயே பார்த்தாய். நீ பார்க்காத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தொடங்குவதற்கு முன் நான் பின்னறையில் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். முதல் வரிசைக்குப் போக மனமில்லை. கெர்லி தண்ணீர் குடிக்க வந்தாள்.

"நீங்கதான எனக்கு வரி எழுதினவங்க?"

ஆமாம் என்றேன். என் குரலைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"தொண்ட கட்டியிருக்கா?"

"இல்ல. இப்ப என் குரலே இதுதான்."

அவள் பரிதாபப்படவில்லை, தூலி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த சுரம் வருது?" என்று கேட்டாள்.

பத்து மாதமாக எல்லோரும் என்ன போயிற்று என்றுதான் கேட்டார்கள். டாக்டரும்தான். என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாது என்றேன். "தேடலாம்" என்று அவள் கீழ் சுரத்தைப் பிடித்தாள். நானும் வாயைத் திறந்தேன். முதலில் காற்று. இரண்டாவது முறையும் காற்று. அவள் நிறுத்தவில்லை. அப்புறம் ஏதோ ஒன்று, துருப்பிடித்த கீல் மாதிரி, அவள் சுரத்தின் ஓரத்தில் வந்து ஒட்டியது.

"ஒண்ணு இருக்கு" என்றாள். "கடல் பாட்டுல அது போதும். கடைசி வரிசைல என் பின்னாடி நில்லுங்க."

அதனால்தான் கடைசியாகப் பாடிய கடல் பாட்டில் திடீரென்று என்னை மேடையில் பார்த்தாய். நீ கையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. அக்கா சும்மா நிற்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாய். இல்லை, தூலி. அந்த எட்டு எண்ணிக்கை பாட்டில் இரண்டு முறை வருகிறதே, இரண்டிலும் ஆறு நின்றேன். என்னைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். அது இருக்கட்டும்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயவில்லை. கெர்லி திரும்பி என் கோட்டுக் கையை இழுத்தாள். நான் குனிந்தேன், நன்றி சொல்வாள் என்று நினைத்து. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "ரெண்டாவது தடவ சீக்கிரம் ஆரம்பிச்சுட்டீங்க. அடுத்த தடவ டீச்சர் கையப் பாருங்க" என்றாள்.

ஒரு பாடகியைத் திட்டுவது போல என்னைத் திட்டினாள். ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நடமாடுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா சால்மே